ஒரே வீடு, எத்தனை லைசென்ஸ்?

பிரிட்டனில் லீட்ஸிலோ கவன்ட்ரியிலோ நாலைந்து பேர் சேர்ந்து வீடு எடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு, குடியேறிய கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வரும். மேலே யார் பெயரும் இருக்காது. ‘சட்டப்படி குடியிருப்பவருக்கு’ என்றுதான் இருக்கும். பிரித்துப் பார்த்தால், இந்த முகவரிக்கு டிவி லைசென்ஸ் இல்லை, விசாரிக்க ஆள் வரலாம் என்று ஒரு மிரட்டல் தொனி. வீட்டில் டிவியே இல்லாத பிள்ளைகள் வெலவெலத்துப் போய் ஊருக்கு போன் போடுவார்கள். டிவிக்கு எதற்கு லைசென்ஸ், அதென்ன துப்பாக்கியா என்று இங்கே அப்பா முழிப்பார்.

ஆற அமரப் பார்த்தால் இதில் பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டே கேள்விகள்: என்ன பார்க்கிறாய்? வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிபிசியை விளம்பரம் இல்லாமல் நடத்த, பார்ப்பவர்களிடமே வசூலிப்பது அந்த நாட்டு வழக்கம். 1922-ல் வானொலிக்குப் பத்து ஷில்லிங்கில் தொடங்கியது. டிவிக்கான லைசென்ஸ் 1946-ல் இரண்டு பவுண்டுக்கு வந்தது. வானொலிக்கு 1971-லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் வருடக் கட்டணம் 174.50 பவுண்டு ஆனது. நமக்கும் இது புதிதில்லை. எண்பதுகள் வரை தபால் ஆபீஸில் வரிசையில் நின்று ரேடியோ லைசென்ஸைப் புதுப்பித்த தாத்தாக்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். நாம் விட்டுவிட்டோம், அவர்கள் டிவிக்கு மட்டும் இன்னும் விடவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பலரும் நினைப்பதுபோல டிவிப் பெட்டி வைத்திருப்பதற்கு லைசென்ஸ் கிடையாது. சுவரில் ஐம்பத்தைந்து அங்குல டிவியை மாட்டி, அதில் நெட்ஃபிளிக்ஸ் படங்களையும் வீடியோ கேமையும் மட்டும் ஓட்டினால் ஒரு பைசா கட்ட வேண்டாம். பெட்டியே இல்லாமல், போனில் ஒரு சேனலை அது ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் கட்ட வேண்டும். கணக்கு இதுதான்: எந்தச் சேனலானாலும் நேரலையாகப் பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். பிபிசியின் ஐபிளேயரில் மட்டும் பழைய நிகழ்ச்சியைப் பார்த்தாலும் வேண்டும். அது 2016 செப்டம்பரில் வந்த மாற்றம்.

நம் பிள்ளைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘நான் பிபிசியே பார்ப்பதில்லை, தமிழ்ச் சேனல்தானே பார்க்கிறேன்’ என்பார்கள். சட்டம் சேனலின் ஊரையும் மொழியையும் கேட்பதில்லை. பார்ப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்றும் கேட்பதில்லை. சென்னையிலிருந்து வரும் சேனலை ஆப் வழியாக நேரலையில் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். ஐபிஎல் ஆட்டத்தை ஆட்டம் நடக்கும்போதே டிவி ஒளிபரப்பில் பார்த்தாலும் அப்படியே. யூடியூப் என்றால் தப்பித்தோம் என்றும் எண்ண வேண்டாம். இருபத்து நான்கு மணி நேரமும் யூடியூபில் ஓடும் தமிழ்ச் செய்திச் சேனலும் நேரலைதான். வாக்கு எண்ணிக்கை அன்று நாள் முழுக்க அதைப் பார்த்தால் லைசென்ஸ் தேவை. அன்றைய விவாதத்தைத் துண்டு துண்டாக வெட்டி மறுநாள் அந்தச் சேனலே ஏற்றியிருக்கும். அதைப் பார்க்க லைசென்ஸ் தேவையில்லை. போனும் அதேதான், ஆப்பும் அதேதான். பார்க்கும் நேரம்தான் வேறு. நேரலையைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்து, குளித்துவிட்டு வந்து தொடர்ந்தாலும் அது நேரலைக் கணக்கில்தான் சேரும்.

இதில் எதுவுமே பார்ப்பதில்லை என்றால் கதை இங்கேயே முடிந்தது. லைசென்ஸ் தேவையில்லை என்று கட்டணம் வசூலிப்பவர்களின் இணையதளத்தில் ஓர் உறுதிமொழி கொடுத்துவிட்டால் கடிதத் தொல்லையும் குறையும்.

பார்ப்பேன் என்றால் இரண்டாவது கேள்வி. வாடகை ஒப்பந்தத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு பேரின் பெயரும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கிறதா? மொத்த வாடகைக்கும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்ற வரி இருக்கிறதா? இருந்தால் அது கூட்டு ஒப்பந்தம். பொதுவாக வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும். ரேஷன் கார்டு மாதிரி, அது முகவரிக்குத்தானே தவிர ஆளுக்கு ஒன்று இல்லை. ஹாலில் ஒரு டிவி, அறைக்கு ஒரு லேப்டாப் என்று எத்தனை இருந்தாலும் அந்த ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். 2025 கட்டணப்படி நான்கு பேர் பங்கு போட்டால் தலைக்கு 44 பவுண்டுகூட வராது. யார் பெயரில் எடுப்பது, மற்றவர்கள் எப்போது பணம் தருவது என்பதை மட்டும் முதல் வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது. சிநேகிதம் கெடுவது இந்த மாதிரிச் சில்லறைக் கணக்கில்தான்.

ஒப்பந்தத்தில் உங்கள் பிள்ளையின் பெயர் மட்டும் இருந்து, கூடவே ‘அறை எண் 3’ என்றும் இருக்கிறதா? அப்படியானால் அது தனி ஒப்பந்தம். அடுப்படியும் குளியலறையும் பொதுவாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அந்த அறையே ஒரு வீடு. அறைக்குள் நேரலை பார்ப்பவர் தன் அறைக்குத் தானே லைசென்ஸ் எடுக்க வேண்டும். பல்கலைக்கழக விடுதியும் இப்படித்தான். கீழே எல்லாரும் கூடும் அறையின் டிவிக்கு விடுதி எடுத்திருக்கும் லைசென்ஸ், மாடியிலிருக்கும் அறைக்கு வராது. ஒரே மாதிரி நான்கு பேர் இருந்தும், ஒரு வீட்டில் ஒன்று போதும், பக்கத்து வீட்டில் நான்கு வேண்டும் என்பதற்குக் காரணம் அந்தக் காகிதம்தான்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் தமிழ்க் குடும்பங்களின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்குபவர்களும் உண்டு. வீட்டுக்காரர் சொந்த மாமாவோ சித்தியோ என்றால் அவர்களின் லைசென்ஸே போதும். வாய் நிறைய ‘அங்கிள்’ என்று கூப்பிட்டாலும், வாடகை கொடுக்கும் பேயிங் கெஸ்ட் உறவாகிவிட முடியாது. தன் அறையில் பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும்.

இனி, மாணவர்கள் அதிகம் பேசும் பேட்டரி விதி. பெற்றோர் வீட்டுக்கு லைசென்ஸ் இருந்து, பிள்ளை படிக்கும் காலத்தில் மட்டும் வேறிடத்தில் தங்கினால், அந்த லைசென்ஸே அங்கும் செல்லும். நிபந்தனை ஒன்று: பார்க்கும் கருவி அதன் பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். போனில் பார்க்கலாம், லேப்டாப்பில் பார்க்கலாம். ஆட்டத்தின் கடைசி ஓவரில் பேட்டரி தீர்கிறதே என்று சார்ஜரைச் சுவரில் சொருகிவிட்டுத் தொடர்ந்து பார்த்தால் விதியை மீறியதாகிவிடும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் விதி அதுதான். ஹாரோவில் பெற்றோர் இருக்க, லீட்ஸில் படிக்கும் பிள்ளைக்கு இது உதவும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பெற்றோர் இருப்பவர்களுக்கு இதில் பயனில்லை. அங்கே அவர்களுக்கு ஏது பிரிட்டிஷ் லைசென்ஸ்?

வாசலில் ஆள் வந்து நின்றால்? வருபவர் போலீஸ்காரர் இல்லை, வசூல் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஊழியர். நீங்கள் அழைக்காமல் உள்ளே வர அவருக்கு உரிமை கிடையாது. நீதிமன்ற வாரண்ட் இருந்தால் அது வேறு. மரியாதையாகப் பேசி, உள்ளதைச் சொல்லி அனுப்பலாம். அதற்காக அலட்சியமும் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் நேரலை பார்ப்பது அங்கே குற்றம். வழக்குப் போய்த் தண்டனை என்றால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம், அதற்கு மேல் நீதிமன்றச் செலவு.

லைசென்ஸ் எடுத்தவர்களுக்கும் ஒரு விஷயம் உண்டு, பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். அக்டோபரில் எடுத்த லைசென்ஸ் அடுத்த செப்டம்பர் வரை செல்லும். படிப்பு முடிந்து ஜூன் கடைசியில் அறையைக் காலி செய்து, வேறெங்கும் அது தேவைப்படாது என்றால், மீதி மூன்று முழு மாதங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நாற்பது பவுண்டுக்கு மேல் வரும். அவர்களாகத் தேடி வந்து தரமாட்டார்கள், விண்ணப்பிக்க வேண்டும். வேறு வீட்டுக்கு மாறுகிறார்கள் என்றால் முகவரியை மாற்றிக்கொண்டால் போதும்.

ஆக, போனில் பிள்ளை பதறினால் ‘உடனே கட்டிவிடு’ என்றும் சொல்ல வேண்டாம், ‘கிழித்துப் போடு’ என்றும் சொல்ல வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே, போன வாரம் எதை எதை நேரலையில் பார்த்தாய் என்று கேளுங்கள். கட்ட வேண்டுமா, யார் கட்ட வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.