டாங்கிக்குக் காது வைத்தவர்



பழைய மரங்களைச் சாய்த்துப் புதுக்கன்று நடும் காலத்தில், இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஓடும் புல்டோசர் சேற்றிலும் மேட்டிலும் தயங்காமல் ஏறிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட பட்டையின் மேல் கவசத் தகடும் பீரங்கியும் ஏற்றினால், அதுதான் டாங்கி. 1916ஆம் ஆண்டில், முதல் உலகப் போரின்போது, பிரிட்டிஷ்காரர்கள் அதை முதன்முதலாகக் களத்தில் இறக்கினார்கள். பின்னாளில் அதே டாங்கியைக் கொண்டு ஐரோப்பாவைக் கலக்கியவர்களுள் ஒருவர் ஹைன்ஸ் குடேரியன் என்ற ஜெர்மானியத் தளபதி. அவருடைய போர்க்கால வாழ்க்கையைப் பற்றி இன்று பார்ப்போம்.

குடேரியன் 1888இல் பிறந்தவர். தந்தையும் இராணுவ அதிகாரியே. இளமையில் தந்திப் படைப் பிரிவில் பயிற்சி பெற்ற அவர், 1914இல் போர் மூண்டதும் குதிரைப் படையோடு சென்ற வானொலி நிலையம் ஒன்றுக்குப் பொறுப்பாளரானார். தூரத்தில் இருப்பவனுக்கு உடனே செய்தி சொல்ல முடிந்தால் போரின் போக்கே மாறும் என்பதை அங்கே கண்டுகொண்டார்.

அந்தப் போரில் ஜெர்மனி தோற்றது. 1919இல் ஏற்பட்ட வெர்சேல்ஸ் உடன்படிக்கை, ஜெர்மனி டாங்கி வைத்திருக்கக் கூடாது என்று தடுத்தது. ஆகவே 1920களில் ஜெர்மன் படையினர் மோட்டார் கார்களின் மேல் தகரமும் துணியும் போர்த்தி, அவற்றையே டாங்கிகளாக எண்ணிப் பயிற்சி செய்தார்கள். குடேரியன் விடவில்லை. பிறநாட்டார் எழுதிய நூல்களைப் படித்தார்; தம் மேலதிகாரி ஆஸ்வால்ட் லூட்ஸ் என்பவரோடு சேர்ந்து, ஒவ்வொரு டாங்கியிலும் வானொலிக் கருவி இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

இதில் என்ன பெரிய காரியம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். காலைப் பிரட்டில் கங்காணி வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிறார். அவரவரும் தத்தம் நிரைக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் மழை பிடித்தாலோ திட்டம் மாறினாலோ, ஆள் ஓடித்தான் சொல்ல வேண்டும். அந்த ஆள் எல்லோரையும் கண்டு சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் ஒவ்வொருவர் காதிலும் கங்காணியின் குரல் அப்போதைக்கப்போது கேட்டால்? நூறு பேரும் ஒரே ஆளைப்போல் இயங்கலாம் அல்லவா?

அதுதான் 1940இல் நடந்தது. பிரெஞ்சு டாங்கிகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. பலவற்றின் கவசம் ஜெர்மன் டாங்கிகளின் கவசத்தைவிடத் தடித்தது. ஆனால் அவற்றில் பலவற்றில் சுழலும் கூண்டுக்குள் ஒரே ஆள்தான். அவரே வழி பார்க்க வேண்டும், அவரே குண்டு போட வேண்டும், அவரே சுட வேண்டும். வானொலி இல்லாதவையும் அநேகம். ஜெர்மானியரின் நடுத்தர டாங்கியிலோ ஐந்து பேர். ஒருவர் ஓட்ட, ஒருவர் குண்டு நிரப்ப, ஒருவர் சுட, ஒருவர் வானொலியைக் கவனிக்க, தலைவர் சுற்றிலும் பார்த்துக் கட்டளையிடுவார்.

1940 மே 10ஆம் நாள் குடேரியனின் படை புறப்பட்டது. ஆர்டென் காட்டு மலைப் பாதை வழியாகப் பெரும் டாங்கிப் படை விரைந்து வரும் என்று பிரெஞ்சுத் தளபதிகள் எதிர்பார்க்கவில்லை. 13ஆம் நாள் செடான் நகரருகே மியூஸ் ஆற்றைக் கடந்தார்கள். வேகத்தைக் கண்டு அஞ்சிய மேலதிகாரிகள் 17ஆம் நாள் நிற்கச் சொன்னார்கள். குடேரியன் பதவி விலக முன்வந்தார். முடிவில், தலைமையகம் இருந்த இடத்திலேயே இருக்க, வேவு பார்க்கும் அளவில் முன்னே போகலாம் என்று அனுமதி கிடைத்தது. அவரோ படையைத் தொடர்ந்து நடத்தினார். வானொலியில் பேசினால் தம் மேலதிகாரிகளே கேட்டுவிடுவார்கள் என்று, முன்னணியிலிருந்து தம் தலைமையகத்துக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்துக்கொண்டார்! 20ஆம் நாள் அவருடைய டாங்கிகள் கடற்கரையை எட்டின. ஜூன் மாதத்தில் பிரான்ஸ் பணிந்தது.

நேயர்களே, கதை இத்தோடு முடிந்தால் வெறும் வீரக்கதையாகிவிடும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

1941 ஜூன் 22இல் ஹிட்லர் சோவியத் நாட்டின்மேல் படையெடுத்தார். குடேரியனின் டாங்கிகள் ஸ்மோலென்ஸ்க் வரை பாய்ந்தன. பிறகு கீவ் நகரைச் சுற்றி வளைத்த மாபெரும் முற்றுகையில் பங்கேற்றன. பிடிபட்ட சோவியத் அரசியல் அதிகாரிகளைச் சுட்டுக் கொல்லும்படி ஓர் ஆணை இருந்தது. அது தம் படைக்கு வந்து சேரவே இல்லை என்று குடேரியன் பின்னாளில் எழுதினார். அவர் படையிலும் அது நிறைவேற்றப்பட்டதை ஜெர்மானிய ஆவணங்களே காட்டுகின்றன. போர் முடிவதற்குள் பட்டினியாலும் குளிராலும் துப்பாக்கியாலும் மாண்ட சோவியத் போர்க்கைதிகள் 30 லட்சத்துக்கும் மேல்.

குளிர்காலம் வந்தது. தக்க உடையின்றி வீரர்கள் உறைந்தார்கள். துலா நகரைப் பிடிக்க முடியவில்லை. பின்வாங்கக் கூடாது என்ற ஹிட்லரின் கட்டளையை மீறிப் பின்வாங்கியதால், டிசம்பர் இறுதியில் குடேரியன் பதவி இழந்தார்.

1943இல் டாங்கிப் படைகளின் தலைமைக் கண்காணிப்பாளராக மீண்டும் அழைக்கப்பட்டார். அதே ஆண்டில் ஹிட்லர் அவருக்கு ஒரு பெரிய பண்ணையைப் பரிசளித்தார். அது போலந்துக்காரர்களிடமிருந்து பறித்த நிலம். உழைத்து வாழ்ந்த மண்ணை விட்டு ஒரு குடும்பத்தை வெளியேற்றினால் அந்த வேதனை எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தளபதி அதை ஏற்றுக்கொண்டார்.

1944 ஜூலை 20இல் சில அதிகாரிகள் ஹிட்லரைக் கொல்ல முயன்று தோற்றார்கள். மறுநாளே குடேரியன் தலைமைப் படைத்துறை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். சதியில் சம்பந்தப்பட்ட அதிகாரிகளைப் படையிலிருந்து நீக்கிய குழுவிலும் அமர்ந்தார். நீக்கப்பட்டவர்களில் பலர் தூக்கிலேறினார்கள். போர்த் திட்டங்களைப் பற்றி ஹிட்லரோடு அவர் உரக்க வாதாடியதுண்டு. 1945 மார்ச்சில் பதவி இழந்ததும் அத்தகைய வாக்குவாதத்தால்தான். ஆனால் எப்படிப் போரிடுவது என்றுதான் வாதாடினார். எதற்காக என்று கேட்கவில்லை.

1945 மே மாதம் அமெரிக்கரிடம் சரணடைந்த அவர், வழக்கு எதுவும் நடைபெறாமலேயே 1948இல் விடுதலையானார், 1954இல் காலமானார்.

நம் பிள்ளைகள் கல்வியும் தொழில்நுட்பமும் கற்றுத் திறமைசாலிகளாக வேண்டும் என்று விரும்புகிறோம். விரும்பத்தான் வேண்டும். அத்தோடு இன்னொன்றையும் சொல்லிக் கொடுப்போம்: கற்ற வித்தையை யாருக்காகச் செய்கிறோம், அதனால் யார் வீட்டு அடுப்பு அணைகிறது என்று கேட்கும் பழக்கம். டாங்கிக்குக் காது வைத்த மனிதர், அந்த டாங்கிகள் கடந்து சென்ற ஊர்களின் அழுகுரலுக்குக் காது கொடுக்கவில்லை.