யாரைக் கூண்டில் போடுவது?

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் காதை அடைக்கிற இரைச்சல், கின்னிக்கோழி வளர்ப்பவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அன்று அந்த இரைச்சலுக்கு அடியில் மெலிந்த கீச்சல் ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது. தீவனச் சாக்குக்கும் சுவருக்கும் நடுவில் தலையை மட்டும் செருகிக்கொண்டு ஒரு குஞ்சு நின்றது. பத்து வாரக் குஞ்சு. வால் பக்கம் இறகே இல்லை. தோல் சிவந்து, இரண்டு இடங்களில் ரத்தம் உறைந்திருந்தது. இரைப்பையைத் தடவிப் பார்த்தேன்; ஒரு மணி தானியம் இல்லை.

அடிபட்டதைத் தூக்கித் தனிக் கூண்டில் போட்டுத் திண்ணையில் வைத்தேன். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினேன். புண் ஆறியது, ஆனால் குஞ்சு தேறவில்லை. தோட்டத்தில் மற்றவை கத்தும்போதெல்லாம் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு பதில் குரல் கொடுத்தபடியே இருந்தது. ஏழாம் நாள் கொண்டுபோய்க் கூட்டத்தில் விட்டேன். முன்பு கொத்தியது ஒன்றுதான். இப்போது ஐந்தாறு சேர்ந்து துரத்தின.

அந்த ஒரு வாரத்தில் அதற்கு நான் செய்தது நல்லது அல்ல, கெடுதல் என்று புரிய நேரமாயிற்று. கோழிக் கூட்டத்தில் யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கூர்ந்து கவனித்துவந்த நார்வே விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பெ 1922இல் அதை விரிவாக எழுதினார். வரிசையில் கடைசியில் இருந்தாலும் அது ஓர் இடம்தான். சில நாள் கண்ணில் படாமல் போன பறவைக்கு அந்த இடமும் போய்விடும். திரும்பி வரும்போது அது அந்நியப் பறவை. கின்னிக்கோழிக்கு அந்நியரைச் சகிக்கவே தெரியாது. பாம்பைக் கண்டால் கூடிக் கத்துகிற அதே குணம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

ஆகவே பிரிக்க வேண்டியது கொத்துகிறதை. அதைக் கண்டுபிடிக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும். முதுகை வளைத்து, இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஒன்றையொன்று விரட்டுவதெல்லாம் சண்டை அல்ல. வளரும் சேவல்கள் அப்படித்தான் ஓடும், நின்றதும் மறந்துவிடும். இறகைப் பிடித்து இழுப்பது, தீவனத்துக்கும் தண்ணீருக்கும் அண்டவிடாமல் மறிப்பது, ரத்தம் பார்த்த பிறகும் விடாமல் கொத்துவது, இவற்றில்தான் நாம் தலையிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் குற்றவாளி அதிகம் கத்தாத ஒரு சேவல். ஆண் ஒற்றை அசையிலும் பெட்டை இரட்டை அசையிலும் கத்தும் என்பதால்தான் அது சேவல் என்றே தெரிந்தது. தோற்றத்தில் இந்த வயதில் வித்தியாசம் சொல்ல முடியாது.

அதைக் கூட்டத்தின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் நான்கு நாள் அடைத்தேன். அடிபட்ட குஞ்சைக் கொட்டகைக்குள்ளேயே கம்பிவலைத் தடுப்புக்குப் பின்னால், சாதுவான இன்னொரு குஞ்சைத் துணைக்குச் சேர்த்து வைத்தேன். எல்லாமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன. கொத்த மட்டும் வழியில்லை.

சேவலை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. பதினைந்து குஞ்சுகளுக்கு ஒரே ஒரு தீவனத் தட்டு வைத்தது நான். முதல் சில வாரங்களுக்கு இவற்றின் தீவனத்தில் 24 சதவீதத்துக்குக் குறையாமல் புரதம் வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சுக்குப் போடுவதையே போட்டால் போதாது. புரதம் குறைந்தால் இறகு பிடுங்கும் பழக்கம் எளிதில் தொற்றும். இடநெருக்கடியும், குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் புரூடரில் அதிகச் சூடும் அப்படியே. தட்டை மூன்றாக்கி, மூன்று மூலைகளில் வைத்தேன். பழைய சாக்கையும் காய்ந்த சாணியையும் பானைக்குள் திணித்து, நீர் தெளித்து, புற்றருகே கவிழ்த்து வைத்தால் மறுநாள் கறையான் கிடைக்கும். அதைக் கொட்டிய நாட்களில் கொட்டகையில் சண்டைக்கே நேரமில்லை.

கென்யாவின் ம்பாலா ஆய்வு மையத்தில் கழுகுபோல் மொட்டைத் தலை கொண்ட கின்னி இனத்தை டனாய் பாபயோர்யூவும் டேமியன் ஃபரீனும் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. செழிப்பான தீனி கிடைத்த இடத்தை வலிய சேவல்கள் வளைத்துக்கொண்டால், ஒதுக்கப்பட்டவை வேறு பக்கம் நடக்கத் தொடங்கும். கூட்டமாக இருப்பதை விட முடியாத வலியவையும் தீனியை விட்டுப் பின்னால் போகும். திறந்த வெளியில் எளிய பறவைக்கு அந்த ஒரு வழி இருக்கிறது: நடந்து போய்விடலாம். நான் நான்கு சுவர் எழுப்பி அதையும் அடைத்துவிட்டேன்.

அது உறைத்த அன்றே கொட்டகையின் பின்சுவரில் இன்னொரு வாசல் திறந்தேன். உள்ளே தென்னை ஓலைகளைச் சாய்த்து வைத்தேன். துரத்தினால் மறைந்துகொள்ள, சுற்றிக்கொண்டு ஓட.

ஐந்தாம் நாள் காலை முதலில் தடுப்பை எடுத்தேன். சாயங்காலம் சேவலைக் கொண்டுவந்து விட்டேன். இம்முறை அந்நியன் அதுதான். கழுத்தை நீட்டிக்கொண்டு ஓரமாக நின்றது. இரண்டு பெட்டைகள் விரட்ட, ஓலைக்குப் பின்னால் போய் நின்றது. இருட்டும் முன் கம்பு தூவி எல்லாவற்றையும் உள்ளே அழைத்தேன். வாலில் முள் முள்ளாய் இறகு முளைத்துவந்த அந்தக் குஞ்சு நடுத் தட்டில் நின்று கொத்தித் தின்றது. பரணில் ஏறியபின் எண்ணினேன். பதினைந்து.