நண்பர் விட்டுச்சென்ற பணி: எசெக்ஸ் ஹெம்ப்ஹில்

நினைவு நாளில் மறைந்தவரைப் பற்றிப் பேசுகிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம், கலைந்துவிடுகிறோம். அவர் பாதியில் விட்டுப்போன வேலையை யார் முடிப்பது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குச் செயலால் பதில் சொன்ன ஒரு கவிஞரைப் பற்றி இன்று பேசுகிறேன். அவர் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர், தொகுப்பாசிரியர், தன்பாலீர்ப்பாளர்: எசெக்ஸ் ஹெம்ப்ஹில்.

1972இல் பம்பாயில் உருவான தலித் பாந்தர் இயக்கம் தன் பெயரையே அமெரிக்கக் கறுப்பினப் போராளிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. கறுப்பின இலக்கியம் நமக்கு அந்நியம் அல்ல. ஆனால் ஹெம்ப்ஹில் பெயர் நம் மேடைகளில் அதிகம் ஒலித்ததில்லை.

அவர் 1957இல் சிகாகோவில் பிறந்தார், வளர்ந்தது வாஷிங்டனில். அதிகாரத்தின் தலைநகரமான அது, அன்று கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரமும்கூட. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஓராண்டில் வெளியேறினார். நண்பர்களோடு ‘நெதுலா’ என்ற இலக்கிய இதழை நடத்தினார். 1985லும் 1986லும் தம் கவிதைகளைச் சிறு நூல்களாகத் தாமே வெளியிட்டார். நண்பர்களோடு இசை சேர்த்து மேடையில் கவிதை வாசித்தார். பதிப்பகங்கள் அழைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

அவருக்கு முன்னால் இரண்டு கதவுகள் மூடியிருந்தன. கறுப்பின விடுதலை பேசியவர்களில் பலர், தன்பால் காதலைப் பற்றி இப்போது வாய் திறக்காதே, அது இனத்துக்கு அவமானம் என்றார்கள். வெள்ளையர் கையில் இருந்த தன்பாலீர்ப்பாளர் இயக்கமோ, நிறவெறியைப் பற்றிக் கேட்டால் முகம் சுளித்தது.

ஓர் உதாரணம். ராபர்ட் மேப்பிள்தோர்ப் என்ற வெள்ளையர் 1980இல் எடுத்த புகழ்பெற்ற ஒளிப்படம் ஒன்றில், ஒரு கறுப்பின ஆணின் முகமே இல்லை. உடையும் குறியும் மட்டுமே இருக்கின்றன. 1989இல் வலதுசாரிகளின் நெருக்கடியால் வாஷிங்டன் கலைக்கூடம் ஒன்று மேப்பிள்தோர்ப் கண்காட்சியை ரத்து செய்தது. கருத்துச் சுதந்திரத்துக்காகப் பலரும் அந்தக் கலைஞரின் பக்கம் நின்ற நேரம் அது. அப்போதும் ஹெம்ப்ஹில், அந்தப் படத்தில் கறுப்பு உடல் வெள்ளைக் கண்ணுக்கான வெறும் பண்டமாக்கப்பட்டிருக்கிறது என்று விமர்சித்தார். எதிரி வாசலில் நிற்கிறான், உள்வீட்டு விமர்சனம் பிறகு இருக்கட்டும் என்ற அறிவுரை நமக்கும் பழக்கமானதுதான்.

இனி அவருடைய நண்பர் ஜோசப் பீமிடம் வருகிறேன். பிலடெல்பியாவில் ‘ஜியோவனிஸ் ரூம்’ என்ற புத்தகக் கடையில் அவர் வேலை பார்த்தார். கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் எழுதிய நாவலின் பெயர் அது. ஆனால் அந்தக் கடையின் அலமாரிகளில் தன்னைப் போன்ற கறுப்பின ஆண்களின் எழுத்து அரிதாகவே இருப்பதை பீம் கண்டார். ஊர் ஊராகக் கடிதம் எழுதிப் படைப்புகளைத் திரட்டினார். 1986இல் ‘இன் தி லைஃப்’ தொகுப்பு வந்தது. அதில் ஹெம்ப்ஹிலும் எழுதினார். அடுத்த தொகுப்புக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1988 டிசம்பரில், எய்ட்ஸ் நோயால் பீம் இறந்தார். 34 வயது நிறையச் சில நாட்களே இருந்தன.

ஹெம்ப்ஹில் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். பீமின் தாய் டாரத்தியோடு சேர்ந்து கைப்பிரதிகளை ஒழுங்குபடுத்தினார். 1991இல் ‘பிரதர் டு பிரதர்’ வெளியானது. அதன் தலைப்புப் பக்கம் ஒரு பாடம். தொகுத்தவர் ஹெம்ப்ஹில், திட்டமிட்டவர் ஜோசப் பீம், பணியை மேற்பார்த்தவர் டாரத்தி பீம் என்று மூவரின் பெயரும் அதில் இருக்கிறது. இறந்தவரின் உழைப்பை அவர் தம் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. மகனை இழந்த தாயை அழுவதற்கு மட்டும் உரியவராக நிறுத்தாமல், பணியில் பங்காளியாக்கினார்.

தொகுப்பாசிரியர் என்றால் கட்டுரைகளை அடுக்கி முன்னுரை எழுதுபவர் என்றே நினைக்கிறோம். கொள்ளைநோய் ஒரு தலைமுறையை அழித்த காலத்தில் அந்த வேலைக்கு வேறு பொருள் இருந்தது. எழுதியவர் அச்சைப் பார்க்க உயிரோடு இருப்பாரா என்ற நிச்சயம் இல்லை. குடும்பம் வெட்கப்பட்டுத் தாள்களை எறிந்துவிட்டால் எழுத்தும் போய்விடும். தொகுப்பு அதற்கு எதிரான காவல்.

1992இல் ஹெம்ப்ஹிலின் ‘செரமனிஸ்’ நூல் வந்தது. 1995 நவம்பர் 4 அன்று அவரும் எய்ட்ஸுக்குப் பலியானார். வயது 38. அடுத்த ஆண்டுதான், உயிரைக் காக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை அமெரிக்காவில் பரவலானது. அவருடைய கவிதைகளும் பல ஆண்டுகள் கடைகளில் கிடைக்காமல் இருந்தன. 2025இல்தான் ஜான் கீன், ராபர்ட் ரீட்-ஃபார் இருவரும் தேர்ந்தெடுத்த கவிதைகளின் தொகுதி வெளிவந்தது. பீமுக்கு அவர் செய்ததை, முப்பது ஆண்டுகள் கழித்து அவருக்குப் பிறர் செய்தார்கள்.

மாணவத் தோழர்களே, இதிலிருந்து இரண்டு கேள்விகளோடு வீட்டுக்குப் போங்கள். இறந்துபோன நம் தோழர்களின் நோட்டுப் புத்தகங்கள் இப்போது எந்த வீட்டுப் பரணில் இருக்கின்றன? 2018இல் 377ஆம் பிரிவு குறித்த தீர்ப்பு வந்த பிறகும், நம் கூட்டத்தில் தம் காதலைச் சொல்லத் தயங்கி உட்கார்ந்திருப்பவர் யார்? முதல் கேள்விக்கு, அடுத்த நினைவு நாளுக்குள் ஒரு பரணாவது திறக்கப்பட வேண்டும். இரண்டாவதுக்கு, அவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.