சக்கரம் இல்லாமல் எழும் குதிரை

புதுக்கோட்டைப் பக்கத்து அய்யனார் கோயில்களில் வரிசைகட்டி நிற்கும் சுடுமண் குதிரைகளில் சில ஆளுயரத்தைத் தாண்டும். அவற்றைச் செய்யும் குயவர்களான வேளார்கள் சக்கரத்தில் பானை வனையத் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் குதிரையின் உடம்பு கையாலேயே எழும்புகிறது. முதலில் கால்கள், உள்ளே கூடாக. எடை தாங்கும் அளவுக்கு அவை இறுகிய பிறகே வயிறு. அதுவும் இறுகிய பிறகே கழுத்து, தலை. மண்ணில் கைவைக்கும் புது மாணவர்கள் முதலில் கற்க வேண்டியது இந்தக் காத்திருப்பைத்தான்.

களிமண்ணில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத தட்டையான துகள்கள். இடையிலுள்ள நீர் அவற்றை வழுக்கி நகரவிடுகிறது. நீர் வற்ற வற்றத் துகள்கள் நெருங்கி, மண் சுருங்குகிறது. ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால் விரிசல் நிச்சயம். பாத்திரத்தின் சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தொடங்குவதற்கு ஆரஞ்சுப் பழ அளவில் ஓர் உருண்டை போதும். நன்றாகப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து, நடுவில் கட்டைவிரலை இறக்குங்கள். அடியில் அரை அங்குலம் மிச்சமிருக்கட்டும். உருண்டையைத் திருப்பிக்கொண்டே, அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரைக் கிள்ளி மெலிதாக்குங்கள். விளிம்பைக் கடைசிவரை தடிப்பாகவே விடுங்கள், முதலில் காய்வது அதுதான். வெடிப்பு தெரிந்தால் ஈரவிரலால் தடவினால் போதும். தண்ணீர் ஊற்றினால் சுவர் தொய்ந்துவிடும்.

உயரமான பாத்திரத்துக்கு மண்ணைத் திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கி, ஒவ்வொரு திரியையும் கீழ்த்திரியோடு இழுத்துத் தேய்க்க வேண்டும். பெட்டி வடிவங்களுக்கு மண்ணைத் தகடாகத் தட்டி வெட்டிக்கொள்ளலாம்.

கைப்பிடி ஒட்டும்போதுதான் மண் நம்மைச் சோதிக்கும். ஒட்டவேண்டிய இரு பரப்புகளையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மண்கூழ் தடவி, லேசாக அசைத்தபடி அழுத்துங்கள். இரண்டிலும் ஈரம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். காய்ந்த கிண்ணத்தில் ஒட்டிய ஈரக் கைப்பிடி, தான் மட்டும் சுருங்கிப் பிரிந்து விழும்.

சூளையில் பாத்திரம் வெடித்தால் காற்றுக் குமிழியைக் குறைசொல்வது வழக்கம். உண்மைக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். தடித்த சுவருக்குள் மிஞ்சிய நீர் 100 டிகிரியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணை உடைத்துக்கொண்டு வரும். குதிரைக்கான மண்ணில் மணலும் உமியும் கலப்பதன் பயன் இங்கே புரியும்: மணல் சுருக்கத்தைக் குறைக்கிறது, உமி எரிந்து நுண்துளைகளை விடுகிறது. சூளைக்கு அனுப்புமுன் கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

சுமார் 600 டிகிரியில் துகள்களோடு வேதிமுறையில் பிணைந்த நீரும் போய்விடும். அதன்பின் பாத்திரம் களிமண்ணாகத் திரும்பாது. அதுவரை, பிடிக்காத கிண்ணத்தைத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி பிசைந்துகொள்ளலாம்.