எரியும் வைக்கோலும் இளைக்கும் கன்றும்

அறுவடை முடிந்த சில நாட்களில் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் புகை எழுவதைக் காண்கிறோம். அறுவடை இயந்திரம் பரப்பிவிட்டுப் போன வைக்கோலுக்குத் தீ வைக்கிறார்கள். அதே நாட்களில், மேய்ச்சல் தரை இல்லாமல் எருமைக் கன்றுகள் விலா எலும்பு தெரிய நிற்கின்றன.

யுத்தத்தினாலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்பேரலையினாலும் இடம்பெயர்ந்து, காணியையும் பட்டியையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களில் சிலருக்கு இரண்டொரு கன்றுகளே எஞ்சிய முதல். மெலிந்த கன்றை வந்த விலைக்குக் கொடுத்துவிடுவதா, நாகாக வளர்த்துப் பால் காண்பதா? இக்கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி அந்தப் புகையோடு போய்விடுகிறது.

வைக்கோலின் குறை என்ன?

வெறும் வைக்கோலில் புரதம் 100க்கு 3 அல்லது 4 பங்கு மாத்திரமே. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்ய ஏறத்தாழ 7 பங்காவது வேண்டும். அத்துடன் வைக்கோலின் நார் இறுகிப் பிணைந்திருப்பதால் எளிதில் செமிப்பதில்லை. எனவே கன்றின் வயிறு நிறையும், உடம்பு வளராது.

யூரியா கலந்த நீரில் வைக்கோலை ஊறவைத்து மூடினால், யூரியா அமோனியாவாக மாறி நாரை இளக்குகிறது. புரதச் சத்தும் ஏறத்தாழ இரு மடங்காகிறது. கன்றும் கூடுதலாகத் தின்னும். இது நமக்குப் புதிய செய்தியல்ல. 1980களில் நெதர்லாந்து உதவியுடன் இலங்கையில் வைக்கோல் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. 1986 மார்ச் மாதம் கண்டியில் இதற்கென சர்வதேசக் கருத்தரங்கும் கூடியது.

செய்யும் முறை

1. நன்கு காய்ந்த, பூஞ்சணம் பிடிக்காத வைக்கோல் 100 கிலோ எடுங்கள்.
2. 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரையுங்கள்.
3. நிலத்தில் பொலித்தீன் விரித்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் கரைசலைச் சமமாகத் தெளித்து மிதித்து இறுக்குங்கள்.
4. காற்றுப் புகாமல் மூடிப் பாரம் வையுங்கள். நமது வெப்பத்தில் 10 நாள் போதும். மூன்று வாரம் விட்டால் இன்னும் நல்லது.
5. ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, சில மணி நேரம் காற்றாடவிட்டுக் கொடுங்கள். மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும் காரமான மணமும் நல்ல அடையாளம். கறுத்து அழுகியதை எறிந்துவிடுங்கள்.

முதல் வாரம் சாதாரண வைக்கோலுடன் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். இதனுடன் நாளொன்றுக்கு அரைக் கிலோ தவிடு, கால் கிலோ தேங்காய்ப் புண்ணாக்கு, ஒரு கட்டு சீமைக்கிளுவை அல்லது இப்பில் இப்பில் இலை, தாது உப்பு, வேண்டிய அளவு நீர் கொடுத்தால் வளர்ச்சி கண்ணில் தெரியும்.

கவனம் தேவை

“உரத்தைத் தின்றால் கன்று செத்துப்போகாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். யூரியாக் கரைசலைக் குடித்தாலோ, கரையாத கட்டியைத் தின்றாலோ கன்று இறக்கலாம். ஆகவே வாளியையும் உரப்பையையும் கன்றுக்கு எட்டாமல் வையுங்கள். வயிறு ஊதி, நடுக்கம் கண்டு, நுரை தள்ளினால் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இத்தீனி ஆகாது. அதற்குத் தாய்ப்பாலும் இளம் புல்லுமே வேண்டும். தயிர்ச் சட்டியை நிரப்புவதற்காக மடியை முற்றாகக் கறந்துவிட்டு, பிறகு கன்று தேறவில்லை என்று வருந்திப் பயனில்லை. ஒரு காம்பையாவது அதற்கு விட்டுவையுங்கள். தாய்ப்பால் வழியாகவே எருமைக் கன்றுக்கு வட்டப்புழு தொற்றும். பிறந்த இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் பூச்சி மருந்து கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் பார்ப்போம்

150 கிலோ எடையுள்ள கன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிலோ வைக்கோல் தின்னும். மூன்று மாதத்துக்கு 360 கிலோ. அதற்கு வேண்டிய யூரியா 14½ கிலோ. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிய பின்னும், யூரியாவின் விலை பழைய மானிய விலைக்குத் திரும்பவில்லை. ஆகவே யூரியா, பொலித்தீன், கூலி ஆகியவற்றை எழுதிக் கூட்டிப் பாருங்கள். பசும்புல் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில் இச்செலவு வேண்டாம். புல் காய்ந்து, வட்டையிலும் சிறுபோக வெள்ளாண்மை நிற்கும் ஆடி, ஆவணி மாதங்களுக்கென்று ஒதுக்குங்கள்.

காணி இல்லாதவரும் இதைச் செய்யலாம். பெரும்போக அறுவடை நாளில் வயல்காரரிடம், “தீ வைக்கவேண்டாம், நாங்கள் அள்ளிக்கொள்கிறோம்” என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு உழவு இயந்திரத்தைக் கூலிக்குப் பிடித்தால் ஏற்றும் செலவு பங்காகும். மழை படாமல் போர் போட்டு வையுங்கள். அடுத்த அறுவடைக்கு முன் இந்தப் பேச்சைத் தொடங்கிவிட்டால், வறட்சி வரும்போது கன்றை விற்கவேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு இராது.