ஒரே நாளில் 72 குழி... உடம்பு தாங்குமா?

"பந்தைத் தட்டிட்டு, பொடிநடையா போய், மறுபடியும் தட்டறது... இதெல்லாம் ஒரு உடற்பயிற்சியா சார்?"

கோல்ஃபைப் பற்றி இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஒரு ரவுண்டோடு நிறுத்திக்கொண்டால் அவர்கள் கேட்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அதையே ஒரே நாளில் நாலு ரவுண்டு ஆடினால்?

பிரிட்டனில் ஆடுகிறார்கள்! நீண்ட பகல் கொண்ட கோடைக்காலத்தில், நாலு நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து விடியற்காலையில் ஆரம்பிப்பார்கள். இருட்டுவதற்குள் 72 குழிகளையும் முடித்தாக வேண்டும். இதற்காக உறவினர்கள், ஆபீஸ் நண்பர்கள் எல்லோரிடமும் நன்கொடை திரட்டுவார்கள். இதைப் பிரபலமாக்கியது புற்றுநோயாளிகளுக்கு உதவும் மேக்மில்லன் அமைப்பு. தன் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டக்ளஸ் மேக்மில்லன் 1911-ல் ஆரம்பித்தது அது. ஆட வருகிறவர்களிலும் பலர், வீட்டில் ஒருவரை இதே நோய்க்குக் கொடுத்தவர்கள்தான்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு ரவுண்டுக்கு எப்படியும் 8 கிலோமீட்டர் நடை. நாலு ரவுண்டுக்கு 32. சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் 29 கிலோமீட்டர்தான்! அதுவும் இது மேடு பள்ளமான புல்தரையில். ரவுண்டுக்கு 90 அடி என்று வைத்தாலும் மொத்தம் 360 அடி. லண்டன் பக்கம் ஜூன் 21-ம் தேதி சூரியன் உதிப்பது காலை சுமார் 4.45-க்கு, மறைவது இரவு 9.20-க்கு. நடுவில் மூன்று முறை அரை அரை மணி ஓய்வு எடுத்தால், ஒரு ரவுண்டுக்குக் கிடைப்பது மூணே முக்கால் மணி நேரம்தான். வழக்கமான ஆட்டத்துக்கே நாலு மணி நேரம் ஆகும்!

வாரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரர், மூன்று மாதமாவது தயாராகாமல் இதில் இறங்கக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர் முதலில் டாக்டரைப் பார்த்து, பிரஷர், சுகர் இரண்டையும் சோதித்துக்கொள்வது நல்லது. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு எப்போதாவது வந்திருந்தால், அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு வாரம் மூன்று நாள் வேக நடை, இடுப்புக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் பயிற்சி. விடுமுறை நாட்களில் 18 குழி, பழகப் பழக 27. போட்டிக்கு மூன்று வாரம் முன்பாக ஒரு நாள் 36 குழி ஆடிப் பார்த்துவிட வேண்டும். எங்கே வலிக்கிறது, எந்த ஷூ கடிக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். கடைசி வாரம் முழுக்க ஓய்வு மாதிரிதான்.

பலரை வீழ்த்துவது மூச்சோ முதுகோ அல்ல, பாதம்! விடியற்காலைப் புல்லில் பனி சொட்டும். முதல் ரவுண்டிலேயே ஷூ நனைந்து, ஊறிய தோல் மூன்றாவது ரவுண்டில் கொப்புளமாகும். இரண்டு ஜோடி ஷூ கட்டாயம். இரண்டுமே பழகியதாக இருக்கட்டும். ரவுண்டுக்கு ஒரு சாக்ஸ். விரல்களுக்கும் குதிகாலுக்கும் காலையிலேயே வாஸலின். எரிச்சல் தெரிந்ததும் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். "அடுத்த குழியில பாத்துக்கலாம்" என்றால் தொலைந்தது.

பையைத் தோளில் சுமக்கவே வேண்டாம், ட்ராலி போதும். இழுப்பதைவிடத் தள்ளிக்கொண்டு போவது தோளுக்கு நல்லது. விதிப்படி 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பதினாலையும் சுமக்க வேண்டுமா என்ன? எட்டு போதும். முழங்கையின் உள்பக்கம் வலித்தால், அடியின் வேகத்தைக் குறையுங்கள். வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஆடுவது ஆபத்து. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

சாப்பாடு? கிளம்புவதற்கு முன் ஓட்ஸ் கஞ்சி, பிரெட், வாழைப்பழம். பிறகு மணிக்கொரு முறை கொஞ்சமாக ஏதாவது. தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர், கூடவே உப்புக் கடலையோ உப்பு-சர்க்கரைக் கரைசலோ. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும். கிளப்பில் ரவுண்டுக்கு ரவுண்டு பீர் நீட்டும் நண்பர்கள் இருப்பார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்! சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், அன்றைய அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ரவுண்டுக்கு ஒரு முறை ரத்தச் சர்க்கரை சோதனை, பையில் குளுக்கோஸ்.

மேகமூட்டம் என்று ஏமாறாமல் இரண்டு மணிக்கொரு தரம் சன் ஸ்கிரீன் பூசுங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "அத்தனை பேர்கிட்ட பணம் வாங்கியாச்சே, பாதியில நின்னா என்ன நினைப்பாங்க?" என்ற கூச்சம்! நெஞ்சு இறுகும்போதும், தலை சுற்றும்போதும், பேச்சு குழறும்போதும் அடுத்த அடி எடுத்து வைக்கச் சொல்வது இந்தக் கூச்சம்தான். அதனால் நன்கொடை கேட்கும்போதே, "முடிஞ்ச வரைக்கும்தான் ஆடுவேன்; உடம்பு வேண்டாம்னா நின்னுடுவேன்" என்று சொல்லிவிடுவது உத்தமம். நின்றால் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. இந்த அறிகுறிகளை மனைவிக்கும் குழுவில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். 'நிறுத்து' என்று அவர்கள் சொன்னால் வாதாடக் கூடாது.

ஆட்டம் முடியும்போது இரவு ஒன்பதைத் தாண்டியிருக்கும். காலை மூன்று மணிக்கு எழுந்த மனிதர் அவர். காரை அவரே ஓட்டிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது. வீட்டிலிருந்து யாராவது போய் அழைத்து வரட்டும். கால்வலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் அதிகமாக இருக்கும். லீவு சொல்வதானால் இரண்டு நாளாகவே சொல்லிவிடலாம்!