திமிங்கிலங்களை எண்ணிய கதை

காட்டு விலங்கொன்றைப் பாதுகாக்க வேண்டுமாயின், அது எத்தனை எஞ்சியுள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும். இதைச் சொல்ல வல்லவர் யார்? கருவிகளோடு வரும் விஞ்ஞானியா? தலைமுறை தலைமுறையாக அவ்விலங்கை அறிந்த மக்களா? இதற்கு விடை காண, அமெரிக்காவின் வடகோடியான அலாஸ்காவில் நடந்த ஒன்றை நோக்குவோம்.

அங்கே கடலோரத்தில் இனுப்பியாட் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பயிர் விளையாத பனிநிலம் அது. போஹெட் எனப்படும் பெருந்தலைத் திமிங்கிலம் அவர்களது முக்கிய உணவு. ஒன்று பிடிபட்டால் ஊர் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வெளியாரின் வணிகக் கப்பல்கள் வந்து பெருந்தொகையாகக் கொன்றதால் இவ்வினம் அருகிப் போயிற்று.

1977இல், எஞ்சியவை அதிகம் போனால் 2,000 அளவில்தான் இருக்கும் என விஞ்ஞானிகள் கணித்தனர். சர்வதேச திமிங்கில ஆணைக்குழு வேட்டையைத் தடைசெய்தது. கப்பல்காரர் செய்த அழிவுக்குத் தண்டனை இம்மக்கள் தலையில் விழுந்தது. வேட்டைத் தலைவர்கள் அவ்வாண்டே ஒன்றுகூடித் தமக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்து வாதாடினர். 1978ஆம் ஆண்டுக்கு 12 திமிங்கிலங்கள் மட்டும் பிடிக்க அனுமதி கிடைத்தது.

கணக்கு எங்கே பிழைத்தது?

வசந்த காலத்தில் கடற்பனி பிளந்து, வாய்க்கால்போல் நீர் தெரியும். விஞ்ஞானிகள் அதன் ஓரத்தில் நின்று, கடந்து செல்லும் திமிங்கிலங்களை எண்ணினர். பனி மூடிக்கொண்டால் அவை வருவதில்லை என்றும் கருதினர். ஹரி புறோவர் போன்ற மூத்த வேட்டைத் தலைவர்களோ இதை மறுத்தனர். "திமிங்கிலம் பனிக்கு அஞ்சாது, பனியின் அடியாலும் போகும், தலையால் முட்டிப் பனியை உடைத்து மூச்செடுக்கும், கரைக்கு வெகு தொலைவாலும் போகும்" என்பது அவர்கள் கூற்று.

தோமஸ் அல்பேர்ட் என்ற விஞ்ஞானி இதற்குச் செவிகொடுத்தார். அப்படியே நம்பிவிடவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. சோதித்துப் பார்க்க முனைந்தார். அப்பிரதேச மக்களின் உள்ளூராட்சி மன்றம் எண்ணெய் வரிப் பணத்தை இதற்கு ஒதுக்கியது. 1980களில் நீருக்கடியில் ஒலிவாங்கிகள் இறக்கப்பட்டன, விமானத்திலிருந்தும் பார்க்கப்பட்டது. பனி மூடிய நாட்களிலும் திமிங்கிலங்களின் குரல் கேட்டது. தொலைவிலும் அவை சென்றன. 1993இன் கணக்கெடுப்பு ஏறத்தாழ 8,000 என்றது. 2011இல் அது 17,000ஐ நெருங்கியது. இடையில் இனமும் பெருகியிருந்தது. அனுமதி அளவும் காலப்போக்கில் உயர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கே தேட வேண்டும் என்பதை வேட்டைக்காரர் அறிந்திருந்தனர். ஆயினும் உலகம் ஏற்கக்கூடிய ஓர் எண்ணிக்கை அவர்களிடம் இருக்கவில்லை. எண்ணும் முறை விஞ்ஞானிகளிடம் இருந்தது. ஆயினும் பனிக்கடியில் நடப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தபோதே திமிங்கிலமும் காக்கப்பட்டது, மக்களின் உணவும் காக்கப்பட்டது.

யானையும் பன்றியும் எக்காலத்தில் எவ்வழியால் வரும் என்பதைக் காவற்கொட்டிலில் விழித்திருந்தவர்கள் அறிவர். நிலத்தை விட்டு வந்தாலும் அவ்வறிவு நம்மோடுதான் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். கணக்கெடுக்க வருவோரிடமும் தயங்காது சொல்வோம்.